பத்தொன்பது உறுப்பினர்களோடு ஒரு முதலமைச்சர்: பட்டம் தாணு பிள்ளையின் பதினோரு மாதம்

கேள்வி இதுதான்: "1954-ல் திருவிதாங்கூர்-கொச்சியில் வெறும் 19 எம்.எல்.ஏ.க்களை வைத்துக்கொண்டு பட்டம் தாணு பிள்ளை எப்படி முதலமைச்சர் ஆனார்? மார்த்தாண்டம் துப்பாக்கிச் சூட்டுக்காக சோசலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா தன் கட்சி அரசையே ராஜினாமா செய்யச் சொன்னதால்தான் அது கவிழ்ந்ததா?"

இரண்டாவது பாதிக்குப் பதில், இல்லை. சூடு நடந்தது 1954 ஆகஸ்டில், அரசு கவிழ்ந்தது அடுத்த பிப்ரவரியில். நடுவில் ஆறு மாதம் அந்த அரசு நன்றாகவே உட்கார்ந்திருந்தது. ஆனால் இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுப் பேசுவது எங்கள் பக்கத்தில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில், சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பேச்சு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த மாநிலம் எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் 19 என்ற எண் புரியும். திருவிதாங்கூரும் கொச்சியும் 1949 ஜூலை 1 அன்று இணைந்தன. அன்றிலிருந்து 1956 மார்ச்சில் ஜனாதிபதி ஆட்சி வரும் வரைக்கும், ஏழு வருஷம்கூட முழுசாக இல்லை, ஐந்து முதலமைச்சர்கள்: பறவூர் டி.கே. நாராயண பிள்ளை, சி. கேசவன், ஏ.ஜே. ஜான், பட்டம் தாணு பிள்ளை, பனம்பிள்ளி கோவிந்த மேனன். 1952 தேர்தலில் 108 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 44. தெற்கே தமிழ்த் தாலுகாக்களில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 8 இடம் பிடித்தது, திருதநாகா என்றுதான் ஊரில் சொல்வார்கள். அவர்கள் தாங்கிப்பிடித்ததில் ஜான் மந்திரிசபை ஓடியது, அவர்கள் கையை எடுத்ததும் 1953 செப்டம்பரில் விழுந்தது. பெயரில் காங்கிரஸ் இருக்கிறதே என்று குழம்பிவிடாதீர்கள், இது தனிக் கட்சி. நேசமணி, தாணுலிங்க நாடார், சிதம்பரநாதன், குஞ்சன் நாடார் என்று பெரிய தலைகள் இருந்த கட்சி, அதற்கு ஒரே கோரிக்கை: தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு என்று தமிழர் வாழும் தாலுகாக்களைப் பிரித்துச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும்.

மறுதேர்தல் 1954 பிப்ரவரியில் நடந்தது. இடங்கள் இப்போது 117. காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோசலிஸ்ட் 19, திருதநாகா 12, ஆர்.எஸ்.பி. (புரட்சி சோசலிஸ்ட் கட்சி) 9, சுயேச்சைகள் 9. பெரும்பான்மைக்கு 59 வேண்டும், யாரிடமும் இல்லை.

பிரஜா சோசலிஸ்ட் கட்சி அந்தத் தேர்தலைச் சந்தித்தது காங்கிரசை எதிர்த்து, கம்யூனிஸ்டுகளோடும் ஆர்.எஸ்.பி.யோடும் தொகுதி உடன்பாடு வைத்துக்கொண்டு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்த மூன்றையும் கூட்டினால் 51. இன்னும் எட்டுப் பேர் வேண்டும், திருதநாகாவிடம் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், சுயேச்சைகள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். கணக்குப்படி ஒரு இடதுசாரி அரசு வந்திருக்கலாம். ஆனால் கம்யூனிஸ்டுகளோடு மந்திரிசபையில் உட்காரப் பிரஜா சோசலிஸ்ட் தலைமைக்கு மனமில்லை. காங்கிரசுக்கோ கம்யூனிஸ்டுகள் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதுதான் முதல் கவலை. அதனால் நாற்பத்தைந்து பேர் உள்ள கட்சி வெளியே நின்று ஆதரவு கொடுக்க, பத்தொன்பது பேர் உள்ள கட்சி அரசு அமைத்தது. யாரை எதிர்த்து ஓட்டுக் கேட்டார்களோ அவர்கள் தயவில் நாற்காலி. 1954 மார்ச் நடுவில் ராஜபிரமுகராக, அதாவது ஆளுநருக்கு ஈடான பதவியில், இருந்த சித்திரைத் திருநாள் மகாராஜா முன்னிலையில் பதவியேற்பு நடந்தது. மந்திரிகள் மொத்தமே நான்கு பேர்: பட்டம், ஏ. அச்சுதன், பி.கே. குஞ்ஞு, பி.எஸ். நடராஜ பிள்ளை.

இந்தியாவின் முதல் காங்கிரஸ் அல்லாத மாநில அரசு 1957-ல் கேரளத்தில் வந்த ஈ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் அரசு என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. பாட்டியாலாவை மையமாக வைத்த பெப்சு மாநிலத்தில் 1952-லேயே கியான் சிங் ரரேவாலா ஐக்கிய முன்னணி அரசு அமைத்து, ஒரு வருஷத்துக்குள் ஜனாதிபதி ஆட்சியில் முடிந்தது. பட்டத்தின் அரசு சோசலிஸ்டுகள் அமைத்த முதல் மாநில அரசு. அதனால்தான் திருவனந்தபுரத்தில் நடந்த ஒவ்வொன்றையும் டெல்லியிலும் லக்னோவிலும் பம்பாயிலும் இருந்த சோசலிஸ்டுகள் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காங்கிரசோடு ஒத்துழைக்கலாமா, கூடாதா என்று அந்தக் கட்சிக்குள் அப்போதே பெரிய சண்டை. 1953-ல் பேதுல் மாநாட்டில் கட்சித் தலைவர்களில் ஒருவரான அசோக் மேத்தா, பின்தங்கிய பொருளாதாரம் உள்ள நாட்டில் ஒத்துழைப்பு தவிர்க்க முடியாதது என்ற வாதத்தை வைத்தார். லோகியா அதை அடியோடு எதிர்த்தார், காங்கிரசிடமிருந்தும் கம்யூனிஸ்டுகளிடமிருந்தும் சம தூரம் வேண்டும் என்பது அவர் நிலை. இந்தச் சண்டைக்குப் பரிசோதனைக் களமாக வந்து மாட்டியதுதான் பட்டத்தின் மந்திரிசபை.

பட்டம் சாதாரண ஆள் இல்லை. வக்கீல். திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்து அடக்குமுறையை எதிர்த்து நின்று சிறைக்குப் போனவர். 1948-ல் திருவிதாங்கூரின் முதல் மக்கள் அரசுக்குப் பிரதமர் அவர்தான், அன்று அந்தப் பதவிக்குப் பெயர் பிரதமர். அந்த அரசும் சில மாதங்களில் சொந்தக் கட்சிக்காரர்களாலேயே விழுந்தது, அப்புறம்தான் காங்கிரசை விட்டு வெளியேறி சோசலிஸ்டுகளோடு சேர்ந்தார். பிடிவாதம், நேர்மை, தான் சொன்னதே சரி என்ற உறுதி, எல்லாம் சேர்ந்த மனிதர். மலையாளிகள் அவரைப் பெரிய ஆளாக நினைவில் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் வயசானவர்கள் முகம் மாறுவதிலும் நியாயம் இருக்கிறது.

தேவிகுளத்தில் இருந்து வந்தது தொல்லை. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள், இரண்டு தாலுகாக்களிலும் தமிழ் பேசுபவர்கள் ஏராளம். மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1953 டிசம்பரில் அமைக்கப்பட்டுவிட்டது. எல்லைக்கோடு எங்கே விழப்போகிறது என்று இரண்டு பக்கமும் பதைப்பு. மலையாளத் தலைவர்கள் பக்கம் நின்று பார்த்தால் அந்த மலை வெறும் தேயிலை இல்லை, பெரியாறு பிறந்து ஓடும் இடம், பள்ளிவாசல் மின்நிலையம் இருக்கும் இடம், ஐக்கிய கேரளம் என்ற கனவில் விட்டுக்கொடுக்க முடியாத துண்டு. திருதநாகா பக்கம் பார்த்தால் அங்கே வேலை செய்பவர்கள் நம் ஆட்கள், அவர்களைப் போலீஸ் மிரட்டுகிறது, தடை போடுகிறது. 1954 ஜூலையில் நேசமணி, சிதம்பரநாதன், அப்துல் ரசாக் மூன்று பேரும் மூணாறுக்குப் போய்த் தடையை மீறிக் கைதானார்கள். அதற்குப் பிறகு தெற்குத் தாலுகாக்கள் முழுக்கக் கொதிப்பு. ஊர்வலம், மறியல், கடையடைப்பு, கைது.

ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கத் திருதநாகா அழைப்பு விடுத்தது. அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. மார்த்தாண்டத்தை அப்போது தொடுவெட்டி என்பார்கள், பழைய ஆட்கள் இப்போதும் அப்படித்தான். கூட்டம் வன்முறையில் இறங்கிவிட்டது, சுடாமல் வேறு வழியில்லை என்பது அரசின் வாதம். செத்தவர்கள் தேசியத் தலைவர்கள் இல்லை, கூலி வேலைக்காரர்களும் சின்ன விவசாயிகளும்.

என் பாட்டி புதுக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கிராமம். அன்றைக்கு அவருக்குப் பதினான்கு பதினைந்து வயதுதான் இருக்கும். மரச்சீனிக் கிழங்கு விற்கத் தன் அம்மாவோடு கடவத்தை, அதாவது ஓலைப் பெட்டியை, தலையில் சுமந்துகொண்டு கடைவீதிக்குப் போயிருக்கிறார். துப்பாக்கிச் சூடு என்ற சொல்லே பாட்டி வாயில் வராது, "வெடி வச்சான்" என்றுதான் சொல்வார், எங்கள் பக்கத்துத் தமிழ் அப்படி. சத்தம் கேட்டதும் முதலில் கோயில் வெடி என்று நினைத்தார்களாம். அப்புறம் ஜனங்கள் ஓடுவதைப் பார்த்துத்தான் புரிந்திருக்கிறது. கடவம், கிழங்கு, தராசு எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தோட்டங்களுக்குள் புகுந்து ஓடி வந்திருக்கிறார்கள். மறுநாள் யாரும் எடுக்கப் போகவில்லை. அந்தத் தராசு இரவல் வாங்கியது, அதற்குப் பணம் கொடுத்து முடிக்கவே அடுத்த அறுவடை வரை ஆனது என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். சின்ன வயதில் எனக்கு அந்தக் கதையில் தராசுதான் முக்கியமாகப் பட்டது. இப்போது நினைத்தால், ஒரு அரசு போலீசை விட்டுச் சுடும்போது எங்கெங்கேயோ போய் விழுகிறது அது, என்ற எண்ணம்தான் வருகிறது.

சரி, லோகியாவுக்கு வருவோம். அப்போது அவர் பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர். சம்பவம் நடந்தபோது அவர் உத்தரப் பிரதேசத்தில் சிறையில் இருந்தார். பாசன வரி உயர்வைக் கட்டாதீர்கள் என்று விவசாயிகளிடம் ஃபரூக்காபாத்தில் பேசியதற்காக, 1932-ம் வருஷத்து ஒரு பிரிட்டிஷ் காலச் சட்டத்தில் உள்ளே போட்டிருந்தார்கள். (அந்த வழக்குதான் 1960-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்து, பேச்சுரிமை பற்றிய முக்கியமான தீர்ப்பாக இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது.) சிறையில் இருந்தே தந்தி அனுப்பினார்: பட்டத்தின் அரசு ராஜினாமா செய்ய வேண்டும், நீதி விசாரணை நடத்த வேண்டும். காங்கிரஸ் ஆட்சியில் போலீஸ் சுட்டால் கண்டிக்கிற கட்சி, தன் ஆட்சியில் சுட்டால் மட்டும் சமாதானம் சொல்லக் கூடாது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். எல்லைத் தகராறில் தமிழர் பக்கம் நியாயமா, மலையாளிகள் பக்கம் நியாயமா என்ற கேள்விக்குள் அவர் போகவே இல்லை. சுட்டது தப்பு, அவ்வளவுதான்.

பட்டம் மறுத்தார். கட்சியின் செயற்குழுவும் பெரும்பாலும் பட்டத்தைத்தான் காப்பாற்றியது. முதல்முறை கிடைத்த அரசு, அதைக் கையில் இருந்தே விடுவதா என்ற எண்ணம் ஒரு பக்கம், இந்த அரசு போனால் கம்யூனிஸ்டுகள் வந்துவிடுவார்கள் என்ற பயம் இன்னொரு பக்கம். லோகியா பொதுச் செயலாளர் பதவியை விட்டார். 1954 நவம்பரில் நாகபுரியில் கட்சி கூடி விவாதித்தபோது பெரும்பான்மை செயற்குழு பக்கமே நின்றது. ஆனால் அந்த விரிசல் மூடவே இல்லை. 1955-ல் லோகியா கட்சியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார், அந்த வருஷ முடிவில் ஐதராபாத்தில் தனி சோசலிஸ்ட் கட்சி பிறந்தது. புதுக்கடையில் விழுந்த குண்டு அரசைக் கவிழ்க்கவில்லை, இந்தியாவின் சோசலிஸ்ட் கட்சியை இரண்டாகப் பிளந்தது என்று சொன்னால் அது பெரிதும் உண்மை. வட இந்திய சோசலிஸ்டுகளின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் இதை "கேரளத் துப்பாக்கிச் சூடு" என்று ஒரு வரியில் கடந்துபோகும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கேரளம் என்ற மாநிலமே அன்று இல்லை. செத்தவர்கள் தமிழர்கள், ஊரும் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது.

அப்படியென்றால் அரசு ஏன் விழுந்தது? இங்கேதான் நான் நடராஜ பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இந்தக் கதையில் யாரும் பேசாத ஆள். நிதியமைச்சர். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் மகன். ஆமாம், நாம் பள்ளிக்கூடத்தில் தினமும் நின்று பாடிய "நீராருங் கடலுடுத்த" எழுதியவரின் மகன். 1970-ல் தமிழ்நாடு அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றுக்கொண்ட பாட்டை எழுதியவரின் மகன் 1954-ல் திருவனந்தபுரத்தில் மந்திரியாக இருந்தார், அந்த மந்திரிசபையின் போலீஸ்தான் தமிழ் ஊரில் சுட்டது. அவரை இதற்காகக் குற்றம் சொல்ல நான் வரவில்லை, ஏனென்றால் அவர் செய்த இன்னொரு வேலை பெரியது. குத்தகை விவசாயிகளை நிலத்தை விட்டு வெளியேற்றுவதைத் தடுப்பது, நிலத்துக்கு உச்சவரம்பு வைப்பது என்று வரிசையாக நிலச் சீர்திருத்த மசோதாக்களைச் சட்டசபையில் கொண்டுவந்தார். கேரள நிலச் சீர்திருத்தம் என்றாலே எல்லோரும் 1957-ல் இருந்து ஆரம்பிக்கிறார்கள், அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே இவர் மேசையில் வைத்துவிட்டார். காங்கிரஸ் கட்சிக்குள்ளும் வெளியேயும் இருந்த நிலக்காரர்களுக்கு இது பிடிக்குமா? 45 பேரின் தயவில் நிற்கிற அரசு, அந்த 45 பேரில் பலருடைய நிலத்தில் கை வைக்கிறது. எவ்வளவு நாள் ஓடும்?

1955 ஜனவரியில் சென்னைக்குப் பக்கத்து ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணிச் சமுதாயம் எங்கள் குறிக்கோள் என்று தீர்மானம் போட்டது. பிப்ரவரி தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் அதே காங்கிரஸ் பட்டத்தின் அரசுக்குக் கொடுத்திருந்த ஆதரவை எடுத்தது, நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. நில மசோதாக்கள் சட்டமாகாமலே போயின. ஆட்சிக்கு வந்து பதினோரு மாதம்கூட நிறையவில்லை. பிப்ரவரி 10-ல் பனம்பிள்ளி கோவிந்த மேனன் காங்கிரஸ் முதலமைச்சராகப் பதவியேற்றார், அவரும் பெரும்பான்மைக்குத் திருதநாகாவின் பன்னிரண்டு பேரைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பட்டத்தின் மேல் ஆறு மாதக் கோபம் இருந்தது. ஆக, துப்பாக்கிச் சூடு காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. காங்கிரஸ் தன் கணக்குக்காகக் கவிழ்க்க நினைத்தபோது, அடுத்த அரசுக்குத் தோள் கொடுக்க ஆகஸ்டின் காயத்தோடு பன்னிரண்டு பேர் தயாராக இருந்தார்கள். நிலமும் ஆட்சி ஆசையும் காரணம், ஆகஸ்ட் 11 அதற்குக் கதவைத் திறந்து வைத்தது. இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

"எம்.எல்.ஏ.க்கள் விலை போனார்களா?" என்று சிலர் கேட்பார்கள். அதற்குத் தேவையே இல்லாத காலம் அது. வெளியே நின்று ஆதரவு என்றால் அடுத்த நாள் காலையில் இல்லை என்று சொல்ல எந்தத் தடையும் கிடையாது. அதே சமயத்தில் பக்கத்து ஆந்திராவில் முதலமைச்சர் பிரகாசத்தின் அரசும் மதுவிலக்குப் பிரச்சினையில் 1954 நவம்பரில் ஒரே ஒரு ஓட்டில் விழுந்தது. பனம்பிள்ளி மட்டும் நீடித்தாரா என்றால் அதுவும் இல்லை. காங்கிரஸ் உறுப்பினர்கள் ஆறு பேர் விலகியதில் 1956 மார்ச்சில் அவர் அரசும் போனது.

எல்லைக் கணக்கு முடிந்த விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் கொடுத்த அறிக்கையில் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் செங்கோட்டையும் சென்னைக்கு, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. செங்கோட்டைத் தாலுகாவிலும் கடைசியில் ஒரு பகுதி அந்தப் பக்கமே நின்றது, நெய்யாற்றின்கரையும் வரவில்லை. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. எந்த மலைக்காக ஆகஸ்டில் விளவங்கோட்டுக்காரன் குண்டு வாங்கினானோ அந்த மலை வரவில்லை, அவன் ஊர் மட்டும் வந்தது.

மலையில் பட்டத்தின் அரசு செய்த இன்னொரு காரியமும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அரசு விழுவதற்குச் சில வாரம் முன்னால், உயர்மலைப் பகுதியில் குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் என்று கொடுத்துக் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. உணவு உற்பத்திக்காக என்று சொல்லப்பட்டது. எல்லை பேசப்படும் நேரத்தில் மலையாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டத்தான் இது என்று தமிழர் தரப்பு அன்றே சொன்னது, எனக்கும் அப்படித்தான் படுகிறது. இடுக்கி மாவட்டத்தில் நெடுங்கண்டம் பக்கம் போனால் "பட்டம் காலனி" என்றே ஒரு ஊர் இருக்கிறது. பதினோரு மாத அரசு மண்ணில் விட்டுப்போன அடையாளங்களில் அது ஒன்று.

பட்டம் அதோடு முடிந்துவிடவில்லை. 1960-ல் கேரளச் சட்டசபையில் காங்கிரசுக்கு 63, பிரஜா சோசலிஸ்டுக்கு 20. மறுபடியும் சின்னக் கட்சியின் தலைவரே முதலமைச்சர், மறுபடியும் கம்யூனிஸ்டுகளை வெளியே நிறுத்துவதற்காக. இந்த முறை கவிழ்க்கவில்லை, 1962 செப்டம்பரில் பஞ்சாபுக்கு ஆளுநராக அனுப்பி வைத்தார்கள், அவர் இடத்தில் காங்கிரசின் ஆர். சங்கர் வந்தார்.

நவம்பர் 1 வந்தால் நாகர்கோவிலில் நேசமணி சிலைக்கு மாலை போடுகிறார்கள், மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், நல்லது. பாட்டி இருந்தவரைக்கும் அவருக்கு அந்தத் தேதி நினைவில் நிற்காது. ஆடி மாசம் முடியப் போகும்போதுதான் ஒரு நாள் சும்மா திண்ணையில் உட்கார்ந்து "இந்த நேரத்துலதான் வெடி வச்சான்" என்று ஆரம்பிப்பார்.